மாமாவின் காதும் ஜப்பான் காரும்

போன செவ்வாய்க்கிழமை மகனைக் குன்றத்தூரில் ஒரு சின்ன கிளினிக்குக்குக் காது பரிசோதனைக்காக அழைத்துப் போனேன். ஒரகடத்தில் இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப் ஒன்றில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது அவனுக்கு. கம்பெனி எடுத்த சோதனையில் 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டிலோ மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்புகிறான். கண்ணாடி அறைக்குள் அவன் உட்காரப் போனபோது, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போடச் சொன்னேன்.

"ஏம்மா?" என்றாள் மெஷினை இயக்கும் பெண். மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுவரைப் பார்த்து உட்கார வைத்து எடுத்ததில் லேசான குறைவு தெரிந்தது. இப்போதே கவனித்தால் இதோடு நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். சத்தம் குறைந்த லைனுக்கு மாற்றச் சொல்லி அன்றைக்கே அவனை உட்கார வைத்துக் கடிதம் எழுதவைத்தேன். மாற்றுவார்கள், எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் பெண்ணின் 'ஏம்மா'வுக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. ஒரு காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஷாப்பில் சத்தம் தடுக்க மகன் மாட்டிக்கொள்ளும் இயர்மஃபை எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன். வியர்வையும் இரும்பு எண்ணெயும் கலந்த வாசனை. அதில் கொஞ்சம் பெட்ரோலையும் சேர்த்தால் எனக்கு இருபத்து மூன்று வயது.

அப்போது வடக்குப்பட்டில் அக்கா வீட்டில் தங்கி, ரப்பர் ஹோஸ் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் இருந்தேன். அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமாவுக்கு பிரஸ் ஷாப்பில் மெஷினுக்கு அச்சு மாட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இன்ஜின் வேலை. எந்த வண்டியையும் தலையைச் சாய்த்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று சுற்றுவட்டாரத்தில் பேர்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பி மண்ணூரில் வீடு கட்டிய ரவி சார், தன் ஜப்பான் காரையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். வெள்ளி நிறம், இரண்டே கதவு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ. அதற்கு இங்கே ஒத்துக்கொள்ளாதது நம் ஊர் பெட்ரோல் ஒன்றுதான். உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் குடித்துப் பழகிய இன்ஜினுக்குச் சாதாரணப் பெட்ரோலை ஊற்றினால், பொறி பற்றவைப்பது போக மிச்சமிருப்பது அழுத்தம் தாங்காமல் தானாக வெடிக்கும். பிஸ்டன் தலையில் சின்னச் சுத்தியலால் அடிப்பது மாதிரி. 'இன்ஜின் தட்டுது' என்பார்கள். டர்போவின் காற்றழுத்தத்தைக் குறைத்து, பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். ரொம்பத் தள்ளினால் வண்டி சோம்பிவிடும். போதாமல் தள்ளினால் பிஸ்டன் உடையும். உடைந்தால் இன்னொன்று ஜப்பானிலிருந்துதான் வர வேண்டும். அடுத்த ஞாயிறு ரவி சார் ரேஸ் டிராக்கில் ஓட்டப் பெயர் கொடுத்திருந்தார்.

தட்டுகிறதா என்று கேட்க மாமா ஒரு கருவி செய்திருந்தார். பழைய ஃபிரிட்ஜின் செப்புக் குழாய் ஒன்றின் முனையை நசுக்கி இன்ஜினோடு போல்ட் போட்டு முடுக்கி, மறுமுனையில் ஹோஸ் மாட்டி, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து இயர்மஃபில் துளையிட்டுச் செருகியிருந்தார். ஹோஸ் நான் கொடுத்தது. நானே 'ரிஜெக்ட்' முத்திரை குத்தியதை, சூப்பர்வைசரிடம் எழுதி அனுமதி வாங்கி எடுத்து வந்தேன். அவ்வளவு தைரியசாலி நான்.

ரவி சார் ஓட்டுவார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். "சுத்தமா கீது சார். இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்" என்பார். இறங்கி, நட்டைத் தளர்த்தி, பொறி விழும் டைமிங்கை முன்னால் நகர்த்துவார். மறுபடியும் ஓட்டம். நான்காவது முறை மாமா டீ குடிக்கப் போன நேரத்தில் ஆசைக்கு நான் ஏறிக்கொண்டு காதில் மாட்டினேன். டர்போ சீறத் தொடங்கிய உடனே கேட்டது. தெளிவாக, வரிசையாக. திரும்பி வந்தபோது மாமா கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

"மாமா, தட்டுது."

"தட்டுதா? ஒனக்கு பசி. வயிறு தட்டுது."

"சார், நிஜமா தட்டுது சார்."

"ஏழுமலை காதைவிடவாம்மா?" என்று சிரித்தார் ரவி சார்.

நான் ஸ்பானரை எடுத்து, பொறி போடும் பிளக்கைக் கழற்றினேன். சூட்டில் விரல் பொசுங்கியது. வெள்ளைப் பீங்கானில் ஊசிமுனை அளவு வெள்ளிப் பொட்டுகள். பிஸ்டனிலிருந்து உதிர்ந்த அலுமினியம். மூவரும் மாறிமாறிப் பார்த்தோம். ரவி சார் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் தள்ளிப் போனதும் கேட்டேன். "கம்பெனில வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுக்கறாங்களே, மாமா?"

"கண்ணாடி வழியா நர்ஸம்மா தோளு தெரியும். பட்டன அமுக்கறப்போ லேசா எறங்கும். சத்தம் கேட்டா மாரி நான் கைய தூக்கிடுவேன்."

"இதுல இன்னா மாமா பெருமை?"

"ஷாப்புல பாதி பேரு அப்படித்தான் டெஸ்ட்ல பாஸாவறான். புச்சா வர்றவனுக்கு மொதல்ல அதத்தான் சொல்லிக் குடுப்போம். இல்லனா தூக்கி ஸ்டோர்ல போட்டுடுவான், மச்சினி. அங்க உக்காந்து நட்டு எண்ணவா?"

என் மகனுக்கும் யாரோ அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை நாளில் அந்தப் பாடம் மட்டும் லைன் மாறாமல் வந்திருக்கிறது.

மாமா மற்ற வண்டிகளைக் கேட்டதே இல்லை என்பது அன்றுதான் புரிந்தது. தலையைச் சாய்ப்பார், ஆனால் உள்ளங்கை இன்ஜின் மேல் இருக்கும். கோளாறைச் சொன்னது அந்தக் கை. இந்தத் தட்டல் கைக்கு எட்டாத அளவு மெல்லியது.

ரவி சாரிடம் நானே போய்ச் சாவியைத் தரச் சொன்னேன். அப்புறம் காதில் மாட்டி நான் கேட்டேன், மாமா திருகினார். நான் விரலைத் தூக்கினால் டைமிங் இன்னும் பின்னால், இறக்கினால் போதும். மதியத்துக்குள் முடித்துவிட்டோம். டிராக்கில் அந்தக் கார் ஒரு பொட்டும் உதிராமல் ஓடியது. நான் வைத்த டைமிங் என்று இன்றும் சொல்லிக்கொள்வேன். நம்பாதவர்கள் என்னிடம் வாதாடிப் பார்க்கலாம்.

இப்போது கொட்டகை இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கார் பெங்களூரில் யாரிடமோ போய், அங்கிருந்து எங்கோ போய்விட்டது. புது வண்டிகளில் தட்டலைக் கேட்க இன்ஜினுக்கே ஒரு சென்சார் உண்டு. பெட்ரோலில் எத்தனால் கலந்து ஆக்டேனும் ஏறிவிட்டது. ரப்பர் ஹோஸ்தான் பாவம், அதில் ஊறுகிறது.

டிராக்கிலிருந்து வீடு திரும்பிய அன்று, பின் சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த மாமா என் தோளைத் தட்டினார்.

"அந்த சத்தம் இன்னா மாரி கீது? சொல்லேன்."

முகத்தை அவர் பக்கம் திருப்பிச் சொன்னேன். "சூடான எண்ணெயில கடுகு வெடிக்கிற மாரி, மாமா."

"கடையில பழைய கடுகு, வெடிக்கவே மாட்டேங்குதுன்னு உங்கக்காவ ரெண்டு வாட்டி கடைய மாத்த சொன்னேன்" என்றார். "அவளும் மாத்திக்கினா."