சாப்பாட்டு மேஜையில் ஒரு பிடி குறுவை

கோபம் வந்தால் நான் வானத்தையே திட்டுகிற ஆள். அந்த ஐப்பசியில் நாலு நாளாக விடாமல் திட்டிக்கொண்டிருந்தேன். ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்து, நடவு தள்ளிப்போய், கடைசியில் குறுவை அறுப்பும் அடைமழையும் தீபாவளியும் ஒன்றாக வந்து நின்றன. மன்னார்குடி அறுப்பு மெஷின்காரருக்குப் போன் போட்டால், "தண்ணி வடியட்டுங்க, இப்ப வண்டி இறங்கினா புதைஞ்சிரும்" என்கிறார். எங்கே வடிய? வடிகால் வாய்க்காலே வயலைவிட உசரத்தில் ஓடுகிறது! முக்கால்வாசிப் பயிர் தண்ணீரில் படுத்துவிட்டது.

இந்த லட்சணத்தில் வீட்டில் மகளுக்குத் தலைத்தீபாவளி. மகளும் மாப்பிள்ளையும் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். சம்பந்தியம்மா தீபாவளியன்று மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருச்சியிலிருந்து வருவதாக ஏற்பாடு. மகள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். யார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையோ, நடுவில் இலையும் பூவும் காயுமாக ஜோடித்திருந்தது.

"கடையில ஒண்ணும் வாங்க வேண்டாம்ப்பா. நம்ம கொல்லையில இருக்கறதே போதும். நடுவுல வைக்க மட்டும் நெல்லுக்கதிர் வேணும்."

"நான் இங்க நெல்லு போகுதேன்னு தவிக்கிறேன், உனக்கு மேஜைக்கு ஜோடனையா?" என்று கத்திவிட்டேன். பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. எனக்கே மனசு கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய், முழங்கால் சேற்றில் நின்று, வரப்போரம் படுக்காமல் மிச்சமிருந்த கதிரில் ஒரு பிடி அறுத்து வந்தேன்.

மகளும் அவள் அம்மாவும் கொல்லையில் தென்னங்குருத்து, வெற்றிலை, எலுமிச்சங்காய், மஞ்சள் இலை என்று சேர்த்திருந்தார்கள். தீபாவளி வரை வாடாமல் இருக்கட்டும் என்று, கதிரையும் சேர்த்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தது நான்தான். விதைநெல்லை முளைகட்டுகிற அதே சாக்கு. வருஷா வருஷம் அந்த வேலையைச் செய்கிறவனுக்குப் புத்தி எங்கே போனதோ!

தீபாவளிக் காலையில் சாக்கைப் பிரித்தால், ஒரு நெல் பாக்கியில்லாமல் முளை விட்டிருந்தது. வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். வயலில் இப்படி முளைத்துவிட்டால் ஒரு மணிகூடத் தேறாது.

"சாக்குல வச்சோம்ல, அதான். வயல்ல இருக்காது" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

"வேண்டாம்ப்பா, இதை எடுத்துரலாம்" என்றாள் மகள். அவளும் வயக்காட்டில் வளர்ந்தவள்தானே.

"வை, வை. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு."

வாழைப்பட்டையின் மேல் குருத்தோலைக் கிளிகள், சுற்றி வெற்றிலை, நடுவில் பித்தளைச் சொம்பில் கதிர். சம்பந்தியம்மா வந்ததும் மேஜையைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"எவ்வளவு அழகுங்க! கதிர்லயே வெள்ளை வெள்ளையா முளை! இதை எப்படிங்க செஞ்சீங்க?"

"அது தானா வந்ததுங்க" என்று சிரித்தேன். இலை போட்டுக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வயலுக்கு நடந்தேன். படுத்துக் கிடந்த பயிரில் ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தேன். முளை. நாலு எட்டு தள்ளித் தூக்கினேன். அங்கேயும் முளை. அடுத்த வரப்புக்குப் போனேன். படுக்காமல் நின்ற கதிரைப் பிடித்துப் பார்த்தேன், அதிலும் வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்தது. இங்கே சாக்கு ஏது? வானத்தைப் பார்த்தேன். திட்டக்கூட வாய் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது சம்பந்தியம்மா கிளம்பத் தயாராக இருந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "தப்பா நெனைக்கலன்னா அந்தக் கதிரை நான் எடுத்துட்டுப் போகட்டுங்களா? சாமி ரூம்ல வச்சா வீடு நெறையும்" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

"தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

மகள்தான் சொம்பிலிருந்து எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். அவர் அதைப் பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தார்.

அந்தக் குறுவையில் என் வயலிலிருந்து ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த நெல் அந்த ஒரு பிடிதான்.