காகத்துக்கு வைத்த ரொட்டி

பேக்கரியில் ரொட்டி வாசம் வந்தாலே போதும், குற்றாலத்து மலையடியில் இருந்த, பிறகு ரோட்டுக்காக இடித்துவிட்ட வனத்துச் சின்னப்பரின் சிறு குருசடிக் கோயில் என் கண்ணில் வந்து நிற்கும். காட்டில் தவமிருந்த அந்தப் புனிதருக்குக் காகம் தினமும் பாதி ரொட்டி கொண்டுவந்ததாம். அதனால் நாம் ரொட்டியைப் பிட்டு வைக்கும் பாதியைக் காகம் எடுத்தால்தான் வேண்டுதல் பலிக்கும் என்பார்கள். நான் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை தம்பி காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான். அவனுக்காக, சாரலில் நனைந்துகொண்டே அம்மா குருசடிச் சுவரில் வைத்த பாதி ரொட்டியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது.

"அழாத தாயி, காட்டுல அவருக்குக் காக்கா மட்டுமா தொண?" என்றார் அங்கே ஜெபம் சொல்லும் உபதேசியார்.

அம்மா கேட்கவில்லை. தம்பிக்கு ஊட்ட வைத்திருந்த மறுபாதியையும் சுவரில் வைத்தாள். "ஏட்டி, கொரங்கு வந்தா எறி. காக்கா மேல பட்டுச்சு, கொன்னுருவேன்" என்று என் கையில் கல்லைத் திணித்தாள்.

காகமும் குரங்கும் ஒரே கிளையில் இருந்தன.