அண்ணன் சொல்லச் சொல்ல எழுதிய கடிதம்

ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. எஹலியகொடப் பக்கம் மழைக்குக் குறைவில்லை. அதனால் கங்காணியான என் அண்ணனுக்கு ஓய்வுக்கும் குறைவில்லை. அந்த நேரமெல்லாம் போனில் அமெரிக்க அரசியல் பார்ப்பார். பார்த்ததை என்னிடம் கொண்டுவந்து கொட்டுவார். நான் டவுன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன். ஆகவே அமெரிக்கா செய்வதற்கெல்லாம் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு.

அனுமதியில்லாமல் குடியேறியவர்களை அங்கே பிடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அவருக்குப் பெரிய திருப்தி.

"சரியான வேல. பேப்பர் இல்லாதவன எதுக்கு வச்சிருக்கணும்? நீத்திய நீத்தியமய்," என்றார். சட்டமென்றால் சட்டம்தான் என்பதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டால் அவரிடம் அதற்குமேல் அப்பீல் இல்லை.

"நமக்கு என்ன பேப்பர் இருந்துச்சு அண்ணே? பெரியப்பா குடும்பத்த அப்படித்தானே இந்தியாவுக்கு ஏத்தி அனுப்புனாங்க? ஒங்களுக்கே முப்பது வயசுக்கு மேலதானே வோட்டு கெடச்சிச்சு?"

இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சம் என்று தோட்டத் தமிழர்களுக்கு வெகுகாலம் குடியுரிமை கொடுக்கவில்லை. அவருடைய குடியுரிமைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவனே நான்தான்.

"அது வேற. நாங்க இங்கயே பொறந்தவங்க. அவனுக வேலி ஏறிக் குதிச்சவனுக."

"அமெரிக்கா ஊர் ஊரா குண்டு போட்டா அங்க உள்ளவன் எங்க போவான்? ஜனநாயகம்னு அமெரிக்காக்காரன் சொல்றது வெறும் வாய்ப்பேச்சு."

"அவன் பாஷையப் படிப்பிச்சு சம்பளம் வாங்குற, அவனயே ஏசுற."

அண்ணி சோறு போட்டு எங்களை அடக்கும் வரை இப்படியே போகும். சாப்பிட்டுக் கை கழுவும்போது மறுபடி தொடங்குவார். வாரக்கணக்கில் இது நடந்தது. எனக்கு அந்த வீட்டுப் பக்கம் போகவே வெறுத்துவிட்டது.

பிறகொரு நாள் அவரே ஆளனுப்பிக் கூப்பிட்டார். போனால், அண்ணி அழுதுகொண்டிருந்தார். அண்ணியின் தம்பி டுபாயில் ஹோட்டல் வேலை செய்வதாக நினைத்திருந்தோம். அவரோ பல நாடுகளைக் கடந்து, மெக்சிகோ வழியாக அமெரிக்காவுக்குள் போய் மாட்டியிருந்தார். தடுப்பு முகாமிலிருந்து காலையில் பேசினாராம்.

"கேஸ் பேசுறவங்க குடும்பத்துல இருந்து ஒரு லெட்டர் கேக்குறாங்களாம். எழுது தம்பி," என்றார் அண்ணன். "ஒங்க நாடு ஜனநாயகத்துக்கே தாய்வீடுன்னு போடு. கஷ்டப்பட்டு வந்தவருக்கு எரக்கம் பாருங்கன்னு போடு."

"சட்டம்னா சட்டம்னு சொன்னீங்களே?"

"மச்சான் வேற ஆளு. அவரு என்ன வேலி ஏறிக் குதிச்சவரா?"

"ஆமாண்ணே. ஏறிக் குதிச்சவருதான்."

அண்ணி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பேனையை எடுத்தேன். வெறும் வாய்ப்பேச்சு என்று நான் ஏசிய அந்த ஜனநாயகத்தை, எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்திலெல்லாம் புகழ்ந்து எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். அண்ணன் மேல் இருந்ததைவிட என் மேல்தான் அப்போது எரிச்சல் அதிகம்.

கடிதத்தால் ஒன்றும் ஆகவில்லை. சில மாதங்களில் அண்ணியின் தம்பியைக் கைவிலங்கு போட்டு விமானத்தில் அனுப்பிவிட்டார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேன் பிடித்துப் போய்க் கூட்டிவந்தோம். ஆள் பாதியாகியிருந்தார். வரும் வழியில் அவிசாவளையில் தேத்தண்ணி குடிக்க இறங்கியபோது, விலங்கு பட்ட மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அவராகப் பேசினார்.

"அவங்கள குத்தம் சொல்ல ஏலாது. கண்ட கண்ட நாட்டுக்காரனெல்லாம் வந்து நெறஞ்சிட்டான். ஒழுங்கா ஒழைக்கப் போன நம்மளுக்கும் சேத்துப் பேரு கெட்டுப்போச்சு."

"அதத்தான் நான் இவன்கிட்ட அன்னைக்கே சொன்னேன்," என்றார் அண்ணன்.

நான் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்களும் வந்து ஏறினார்கள். பேப்பர் இல்லாமல் இத்தாலிக்குப் போக என்ன வழி என்று வீடு வரும் வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.