சித்தப்பாவின் நிலைக்கண்ணாடி

செட்டிகுளத்தில் என் சித்தப்பா தையல்காரர். வெங்காய லாரியின் மேல் உட்கார்ந்து வந்தவர் தவறி விழுந்ததில், வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஆஸ்பத்திரியில் எடுத்த காலை அப்பா சாக்கில் சுற்றி வாங்கி வந்து, எங்கள் பருத்திக் கொல்லையின் ஓரத்தில் புதைத்தார். உயிரோடு இருப்பவரின் காலுக்கு என்ன சடங்கு செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் ஒன்றும் செய்யவில்லை.

பிறகு திருச்சியிலிருந்து மரக்கால் வந்தது. பெரம்பலூர் பஸ்ஸில் அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். பக்கத்து சீட்டில் கடைசி வரை யாரும் உட்காரவில்லையாம். அதை மாட்டிப் பழகினால்தான் சித்தப்பா நின்று துணி வெட்டலாம், மறுபடி மெஷினில் உட்காரலாம். ஆனால் மாட்டினாலே துடித்துப் போவார். வலி வெட்டுப்பட்ட இடத்தில் இல்லை, இல்லாத பாதத்தில்.

"வெரலெல்லாம் மடங்கிக் கெடக்குதுண்ணே. யாராச்சும் பிரிச்சு வுடுங்க" என்று கெஞ்சுவார். அப்பா கொல்லைப் பக்கம் பார்ப்பார். எனக்கு எட்டு வயது. அந்தக் கொல்லைப் பக்கமே போக மாட்டேன்.

ஒரு நாள் உச்சி வெயிலில் வீடு அடங்கிக் கிடந்தது. தையல் அறையில் சித்தப்பா யாரிடமோ பேசும் சத்தம். கதவிடுக்கில் பார்த்தேன். தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்கள் இருந்தன. பத்து விரல்களும் மெல்ல மடங்கின, மெல்ல விரிந்தன. "வுடு... அப்படித்தான்... வுடு" என்று காலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

புதைத்த கால் திரும்பி வந்துவிட்டது என்று அம்மாவிடம் ஓடினேன். அப்பா உள்ளே போய்ப் பார்த்தார். தைக்கக் கொடுத்தவர்கள் சட்டை போட்டுப் பார்ப்பதற்கென்று அந்த அறையில் இருந்த நிலைக்கண்ணாடியைச் சித்தப்பா கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தார். நான் பார்த்தது இடது காலின் பிம்பம். எல்லோரும் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் எதற்கும் வைத்தியருக்கு முன்னால் பூசாரி வந்துவிடுவார். சடங்கில்லாமல் போன கால் கண்ணாடியில் குடியேறிவிட்டது என்றார் அவர்.

"இதுல பாத்தா வலி கொறையுதுண்ணே. நெசமா கொறையுது" என்றார் சித்தப்பா. பூசாரிக்கு அதுவே சாட்சியாகப் போயிற்று.

கண்ணாடியை வெள்ளைத் துணியில் சுற்றி, காலுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். வேறு கண்ணாடி வீட்டுக்குள் வரவில்லை. கண்டுபிடித்துச் சொன்னவள் என்று பூசாரி எனக்குத் தனியாகத் திருநீறு பூசினார். எனக்கு ஒரே பெருமை.

மரக்கால் மூலையிலேயே நின்றது. மெஷினை விற்றுவிட்டார்கள். சித்தப்பா என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை.

இப்போது செயற்கைக் கால் பொருத்துவதுதான் என் வேலை. இதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று படிக்க வரும் பிள்ளைகள் கேட்பார்கள். எலும்பு, தசை, அளவெடுப்பது, அச்சு எடுப்பது என்று வரிசையாகச் சொல்வேன். இல்லாத கால் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்பத் தெரிய வேண்டும் என்றும் சொல்வேன். பிறகு வலிப்பவரின் கால்களுக்கு நடுவே கண்ணாடியை நிறுத்தி, "வெரல மெதுவா விரிங்க" என்பேன். பிம்பத்தில் விரல் விரிவதைக் கண் பார்த்ததும் மூளை நம்பிவிடும், வலி குறையும். அதை எனக்கு முதலில் காட்டியது யார் என்று மட்டும் சொல்வதில்லை.

சித்தப்பாவின் காலை ஒரு முறை எடுத்தது ஆஸ்பத்திரி. நெற்றி நிறையத் திருநீறோடு நின்ற எனக்கு, இரண்டாம் முறை எடுத்தது நான்தான் என்று தெரியவில்லை.