மரத்தின் இடப்பக்கம்

பங்குனியில் போடிமெட்டுக்கு மேலே சாலையோர மரங்கள் ஊதாவாகப் பூத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது. அப்படியொரு மரத்தடியில்தான் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. விற்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. படம் எடுக்க வருகிறவர்களை மரத்தின் இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே இருந்தார்.

“இங்கிட்டு நில்லுங்க அப்பு. போட்டோ நல்லா விழும்.”

அங்கே நின்றால் வெயில் முதுகில் விழுந்தது. “முகம் இருட்டாத்தானேம்மா வரும்?” என்றேன்.

“வரும்தான். அங்கிட்டு எம்புள்ளயப் பொதச்சிருக்கு. பொறந்து ஒம்பது நாள்ல போயிருச்சு. கல்லு நட்டுருந்தோம், ரோட்ட அகலமாக்குனப்ப எடுத்துட்டாக.”

“அதைச் சொன்னாலே விலகிப் போவாங்களே.”

“பூப் பாக்க ஆசையா வந்தவுக அப்பு. மொகம் வாடிரும்ல.”

அப்போது ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்றது. இறங்கிய கூட்டத்தின் இரைச்சலில் அவர் குரல் எடுபடவில்லை. அவர் போய் வலப்பக்கத்து மண்ணை ஒட்டி நின்றுகொண்டார்.

“அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. போட்டோல நீங்க வர்றீங்க,” என்றான் ஒருவன்.

அவர் சிரித்தார், நகரவில்லை. வீட்டுக்குப் போனதும் அவரை வெட்டிவிட்டுத்தான் அந்தப் படங்களை வைத்துக்கொண்டிருப்பார்கள்.