பெயர் போடச் சுவர் எங்கே?

வெறும் மரத்துண்டைக் கண்டு கைதட்டும் பெரிய மனிதர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் கெலுகோரில் நான் பார்த்தேன்.

எங்கள் சங்கத்துக்குப் புது மண்டபம் கட்டப்போகிறோம். பழையது மண்டபமா, அடுப்பா? சமீபத்திய கல்யாணத்தில் தாலி ஏறுவதற்குள் மணப்பெண்ணே மயங்கி விழுந்தாள். அவளுடைய அக்கா கவிதா, ஆர்க்கிடெக்ட். சம்பளம் வாங்காமல் வரைந்து கொடுக்கிறாள். இன்னொரு பெண் அங்கே விழக் கூடாது... அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்றைய சங்கக் கூட்டத்தில், மேசைமேல் இரண்டு மர மாடல்கள் வைத்தாள். ஒன்று முழுக்கட்டையில் செதுக்கியது — வெளியிலிருந்து மண்டபம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று காட்ட. மற்றது அதே அளவில், குச்சிகளை ஒட்டிச் செய்த சட்டகம் — தூண், உத்தரம், கூரை. சுவர் கிடையாது.

சட்டகத்தின் பக்கத்தில் ஊதுபத்தி ஏற்றி, ஒரு காகிதத்தால் மெல்ல விசிறினாள். புகை தூண்களுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் போனது. சங்கச் செயலாளர் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கு விளங்கியது அவ்வளவுதான்.

தலைவர் பக்கத்துப் பிறை நகரில் தொழிற்சாலை வைத்திருப்பவர். சட்டகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டையை எடுத்து விரலால் தட்டினார். டொக் டொக்.

"இதுதான் ஸ்ட்ராங்லா! அது என்னம்மா, பாதியில நிறுத்திட்டியா?"

"முடிஞ்சிருச்சு அங்கிள். காத்து போகணும்ல, அதான் சுவர் இல்ல."

"சுவரே இல்லன்னா நன்கொடை கொடுத்தவங்க பேரெல்லாம் எங்கம்மா போடறது? கூரையிலயா?"

அறையே தலையாட்டியது. ஆக, மண்டபம் எதற்கு? கல்யாணத்துக்கா? கருமாதிக்கா? இல்லை... சலவைக்கல்லில் பெயர் பதிக்க! உள்ளே மணப்பெண் வெந்தால் இவர்களுக்கு என்ன?

கவிதாவின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவள் வாதாடவில்லை. பையிலிருந்து மிச்சமாகிப்போன ஒரு மரத்துண்டை எடுத்தாள். சட்டகத்துக்கு வெளியே, வாசல் பக்கம், நிமிர்த்தி வைத்தாள்.

"இது தனிச் சுவர் அங்கிள். ரோட்டுல போற எல்லாக் காடிக்கும் தெரியும். ரெண்டு பக்கமும் பேர் போடலாம்."

தலைவர் அந்தத் துண்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்புறம்? கைதட்டல்! சுவரில்லாத மண்டபத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. காற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் போட்டோ எடுத்தார்கள். தலைவர் அந்த மரத்துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். மண்டபத்தை மேசையிலேயே மறந்துவிட்டார்.

அதுவும் நல்லதுக்குத்தான் — இனி அதில் கை வைக்க மாட்டார்!