மழையில் கறுத்த பிள்ளை

பேர்கன் நகரில் மழை சற்று ஓய்ந்தால் போதும், பக்கத்து வீட்டு மரித் கம்பளியைப் போர்த்தியபடி சாய்வு நாற்காலியை வாசலுக்கு இழுத்துவந்து, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குக் கொடுத்துவிடுவார். வெயில் பட்டு முகம் கொஞ்சம் பழுப்பேறினால் அதற்கு நோர்வேயில் ‘ப்ரூன்’ என்று பெயர். உடம்பும் வசதியும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். தெற்கே கடற்கரைகளுக்குப் பறந்து, அதைக் காசு கொடுத்தும் வாங்கி வருவார்கள். ஊரில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அதே நிறத்துக்குப் பயந்து, பஸ்ஸால் இறங்கி வகுப்புக்குப் போகும் தூரத்துக்கும் நாங்கள் குடை பிடித்தோம். இலவசமாகக் கிடைத்ததால் மதிப்புத் தெரியவில்லை போலும்.

போன குளிர்காலத்தில் என் மகள் ரம்யா கறுக்கத் தொடங்கினாள். வெயிலே இல்லாத மாதங்கள் அவை. புவியியல் படித்த நான் உட்பட ஒருவரும் அதை யோசிக்கவில்லை. “என்ன அழகான ப்ரூன்! எங்கே விடுமுறை போனீர்கள்?” என்று மரித் படியில் வழிமறித்தார். பிள்ளை சோர்ந்துபோய் இருக்கிறாள் என்றேன். பயணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். ஊரில் கரடியனாற்றில் இருக்கும் என் தங்கச்சி வீடியோவில் பார்த்துவிட்டு, “என்னகா, புள்ள இப்பிடிக் கறுத்துப் போயிருக்காள்? வட்டைக்குள்ள வயல் காவலுக்கு விட்டிருக்கியா?” என்றாள்.

“இஞ்ச மழைதான்டி.”

“மழைக்கும் கறுக்குமா கா?”

அந்தக் கேள்வியோடு அவள் நின்றிருக்கலாம். “சரி, நான் ஒரு கிரீம் அனுப்புறன்” என்றாள். கிரீம் வந்தது, பூசினேன். ரம்யா சோற்றை ஒதுக்கினாள். உப்புக் கருவாட்டை மட்டும் வெறுமனே கடித்தாள். இங்கே பிறந்த பிள்ளைக்கு நம் ஊர் நாக்கு வாய்த்துவிட்டதென்று நான் பெருமையும் பட்டேன்.

ஒரு காலை குளியலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையை விரித்து, மையால் கோடு போட்டதுபோல் கறுத்திருந்த ரேகைகளைக் காட்டினார். “உள்ளங்கையில் வெயில் படுமா?” சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி பழுதாகியிருந்தது. கறுப்பு, சோர்வு, உப்பு ஆசை எல்லாம் அதன் அடையாளங்களாம். இன்னும் சில நாள் போயிருந்தால் என்று தொடங்கியவர் வசனத்தை முடிக்கவில்லை. நான் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரைகளால் பழைய நிறம் திரும்புகிறது. பிள்ளை தேறியதில் மரித்துக்குச் சந்தோஷம். ப்ரூன் போனதில் சிறு வருத்தம். “மாத்திரைதான்டி” என்று எத்தனை முறை சொன்னாலும், “கிரீமும் சேர்ந்துதான் கா” என்கிறாள் தங்கச்சி.

காலையில் மாத்திரை கொடுக்கும் சாக்கில் ரம்யாவின் உள்ளங்கையை விரிக்கிறேன். “சாத்திரமா பாக்கிறீங்க, அம்மா?” என்கிறாள். விளக்கு வெளிச்சத்தில் ரேகைகள் சரியாகத் தெரிவதில்லை. ஜன்னலுக்குக் கூட்டிப்போய், அந்தக் கையை வெயிலுக்கு நீட்டிப் பிடிக்கிறேன். என் மற்றக் கை, கேளாமலே, அவள் முகத்துக்குக் குடையாக எழுந்துவிடுகிறது.